கேக்கும் கடிகாரமும்: கிறிஸ்துமஸ் விடுமுறையில் செல்லப்பிராணிகள்

கிறிஸ்துமஸ் வாரத்தில் கால்நடை மருத்துவர்களிடம் அவசரமாகத் தூக்கிவரப்படும் நாய்களும் பூனைகளும் எதைத் தின்றன என்று கேட்டு எழுதிக்கொண்டே வந்தால், முடிவில் கையில் இருப்பது ஏறத்தாழ ஒரு விருந்தின் பட்டியலாகத்தான் இருக்கும்: உலர்திராட்சை சேர்த்த பிளம் கேக், சாக்லேட், வெங்காயமும் பூண்டும் தாராளமாக வதக்கிப் போட்ட பிரியாணி, ஆட்டெலும்பு, சர்க்கரை நோயுள்ள பெரியவருக்கென்று வாங்கிவைத்த சர்க்கரையில்லா இனிப்பு. இவற்றில் எதுவும் மனிதருக்கு நஞ்சன்று என்பதால் எதையும் யாரும் ஒளித்துவைப்பதில்லை. எலிமருந்தை மறக்காமல் பரணில் ஏற்றிவைக்கும் வீட்டிலேயே கேக் டப்பா சோபாவுக்குப் பக்கத்திலுள்ள சிறு மேசையில், நாயின் மூக்குக்கு நேராகத் திறந்தபடி இருக்கிறது.

இந்த ஆபத்துகளைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் இன்னின்னதைக் கொடுக்கக் கூடாது என்ற விலக்குப் பட்டியலோடு நின்றுவிடுகின்றன. பட்டியல் தேவைதான், ஆனால் அதைவிடப் பயனுள்ள செய்தி ஒன்று உண்டு. உடலுக்குள் சென்ற ஒவ்வொரு பொருளும் தன் கைவரிசையைக் காட்டத் தனக்கென ஒரு கால அளவை எடுத்துக்கொள்கிறது; சிலவற்றுக்கு அரை மணி நேரம் போதும், சிலவற்றுக்கு மூன்று நாள் ஆகும். ஆனால் சிகிச்சை நன்றாகப் பலிக்கும் நேரமோ, பல நேர்வுகளில், பிராணி ஒன்றுமே நடவாததுபோல் வாலாட்டித் திரியும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம்தான். நன்றாகத்தானே இருக்கிறது, விடியட்டும் பார்க்கலாம் என்று வீட்டார் முடிவெடுப்பதும் அதே நேரத்தில்தான். டிசம்பர் 24ஆம் தேதி நள்ளிரவு ஆராதனைக்கு வீடே கிளம்பிப்போவதும், மறுநாள் விருந்தினர் கூட்டத்தில் யார் என்ன கொடுத்தார்கள் என்று எவருக்கும் தெரியாமல் போவதும், தெருமுனைக் கிளினிக் விடுமுறையில் பூட்டிக் கிடப்பதும் சேர்ந்து அந்தத் தாமதத்தை இன்னும் நீட்டிவிடுகின்றன.

கேக்கிலிருந்து புளிவரை

தமிழகத்துக் கிறிஸ்துமஸ் கேக்கின் உயிர் அதன் ஊறலில் இருக்கிறது. கறுப்புத் திராட்சை, சுல்தானா என்னும் வெளிர்த் திராட்சை, செர்ரி, டூட்டி ஃப்ரூட்டி, முந்திரி ஆகியவற்றை ரம்மிலோ திராட்சை ரசத்திலோ கண்ணாடி ஜாடியில் வாரக்கணக்கில் ஊறவைத்து, கரித்த சர்க்கரைப் பாகோடு மாவில் கலந்து சுடுகிறார்கள். இப்படிச் செய்த ஒரு துண்டு கேக்கில் நாய்க்கு ஆகாத பொருள் ஒன்றுக்கு மூன்றாகக் கூடிவிடுகிறது: மது, மிகுந்த கொழுப்பு, எல்லாவற்றுக்கும் மேலாகத் திராட்சை. நீர் வற்றிச் சுருங்கிய உலர்திராட்சை, எடைக்கு எடை பார்த்தால், பச்சைத் திராட்சையைக் காட்டிலும் பல மடங்கு செறிவானது; அடுப்பில் சுட்டாலும் அதன் நச்சுத்தன்மை நீங்குவதில்லை.

திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் என்பது கால்நடை மருத்துவ உலகுக்குத் தெரியவந்து பல ஆண்டுகள் கடந்தும், அதிலுள்ள எந்தப் பொருள் அதைச் செய்கிறது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. கைப்பிடி தின்ற ஒரு நாய் பிழைத்துத் திரிய, சில பழங்களைத் தின்ற மற்றொரு நாய் இறந்துபோனது. எனவே இவ்வளவுவரை பாதுகாப்பு என்று ஓர் அளவுகோலை எவராலும் சொல்ல இயலவில்லை. அமெரிக்காவில் விலங்கு நஞ்சுத் தகவல் மையத்தில் பணியாற்றும் மருத்துவர்கள் 2021இல் ஒரு விளக்கத்தை முன்வைத்தனர். குழந்தைகளுக்காக வீட்டிலேயே பிசைந்த விளையாட்டு மாவைத் தின்ற ஒரு நாய்க்குத் திராட்சை நஞ்சேறியதைப் போன்ற அதே சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட, அந்த மாவில் சேர்ந்திருந்த ‘கிரீம் ஆஃப் டார்டார்’ என்ற உப்பின் மீது அவர்களது சந்தேகம் விழுந்தது. கிரீம் ஆஃப் டார்டார் என்பது டார்டாரிக் அமிலத்தின் பொட்டாசியம் உப்பு; பழங்களில் இந்த அமிலம் மிகுந்திருப்பவற்றுள் திராட்சை முதன்மையானது. திராட்சையின் வகைக்கும் பழுத்த பக்குவத்துக்கும் ஏற்ப அமிலத்தின் அளவு பெரிதும் மாறுபடுவதால், ஒரு நாய் பிழைத்ததும் மற்றொன்று இறந்ததும் ஏன் என்ற பழைய கேள்விக்கும் இதில் பொருத்தமான விடை கிடைத்தது.

இதன் தொடர்ச்சி தமிழ்ச் சமையலறைக்கு நேரடியாகத் தொடர்புடையது. டார்டாரிக் அமிலம் செறிந்த இன்னொரு பழம் புளி. மேற்சொன்ன ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட கட்டுரையில், புளியைத் தின்ற நாய்களுக்கும் கடுமையான சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டதைப் பதிவுசெய்தனர். நீர்த்த ரசம் ஒரு கரண்டி சோற்றில் கலந்துவிட்டால் நாய் இறந்துவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் மீந்த புளியோதரையையும் புளிக்குழம்பையும் நாள்தோறும் நாயின் தட்டில் கவிழ்க்கும் வழக்கம், பண்டிகை இருந்தாலும் இல்லாவிட்டாலும், மறுபரிசீலனைக்குரியது. வெளிநாட்டுக் குறிப்புகளை அப்படியே பெயர்த்துத் தரும் விலக்குப் பட்டியல்களில் புளி இடம்பெறாதது இயல்பே.

திராட்சை தின்ற நாய் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வாந்தியெடுக்கிறது. பிறகு சோர்ந்து படுக்கிறது. இரண்டு மூன்று நாள்களில் சிறுநீர் குறைந்து, ஒரு கட்டத்தில் அறவே நின்றுவிடுகிறது. அந்தக் கட்டத்தை எட்டியபின் சிகிச்சை கடினம். தின்ற முதல் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவர் வாந்தியெடுக்க வைத்து, நரம்பு வழியே நீரேற்றத் தொடங்கினால் பெரும்பாலான நாய்கள் தப்பிக்கின்றன. கிறிஸ்துமஸ் காலையில் வழங்கிய கேக்கின் விளைவு வீட்டாருக்குக் கண்ணில் படுவது 27ஆம் தேதி. அதற்குள் கேக்கையே எல்லாரும் மறந்திருப்பார்கள்.

சாக்லேட்டின் கணக்கு இதைவிடத் தெளிவானது. கொக்கோவிலுள்ள தியோபுரோமின் என்ற பொருள், காப்பியிலுள்ள காஃபீனுக்கு நெருங்கிய உறவு. இதயத்தையும் நரம்பு மண்டலத்தையும் முடுக்கிவிடுவது. மனித உடல் இதைச் சில மணி நேரத்தில் சிதைத்து வெளியேற்றிவிடும். நாயின் உடலிலோ உட்சென்றதில் பாதி வெளியேறவே ஏறத்தாழ 17 மணி நேரம் பிடிக்கிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் சேர்ந்தால் வாந்தியும் அமைதியின்மையும் தொடங்கும். 40 முதல் 50 மில்லிகிராமில் இதயத் துடிப்பு தாறுமாறாகும். 60ஐத் தாண்டினால் வலிப்பு வரும். பால் சாக்லேட்டில் கிராமுக்குச் சுமார் 2 மில்லிகிராம் தியோபுரோமினும், கறுப்புச் சாக்லேட்டில் சுமார் 5 மில்லிகிராமும், கேக் சுடுவதற்கென்று விற்கும் இனிப்பில்லாச் சாக்லேட்டில் 14 மில்லிகிராமுக்கு மேலும் இருப்பதால், 10 கிலோ எடையுள்ள ஒரு நாய் 100 கிராம் பால் சாக்லேட் தின்றால் வயிற்றுக் கோளாறோடு தப்பிக்கலாம், அதே அளவு கறுப்புச் சாக்லேட் அதன் இதயத்தைத் தாக்கும், சமையல் சாக்லேட்டானால் உயிரே போகலாம். எனவே மருத்துவரிடம் போகும்போது கிழிந்த உறையை மறவாமல் எடுத்துச் செல்வது வேறெந்த விளக்கத்தைவிடவும் உதவும். சிறுநீரில் இறங்கிய தியோபுரோமினைச் சிறுநீர்ப்பை மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், சிகிச்சை பெறும் நாயை அடிக்கடி வெளியே நடத்திச் சிறுநீர் கழிக்கவைப்பதும் மருத்துவத்தில் ஒரு பகுதி.

இவற்றையெல்லாம் முந்திக்கொள்வது சைலிட்டால். சர்க்கரைக்கு மாற்றாகச் சூயிங்கம், சர்க்கரையில்லா மிட்டாய், சில பற்பசைகள், நீரிழிவு நோயாளிகளுக்கான சில தின்பண்டங்கள் ஆகியவற்றில் சேர்க்கப்படும் இந்த இனிப்பு, மனிதரின் கணையத்தைத் தூண்டுவதில்லை. நாயின் கணையமோ இதைச் சர்க்கரையென்றே எண்ணி இன்சுலினை வெள்ளமாகச் சுரந்துவிடுகிறது. அரை மணி நேரத்துக்குள் இரத்தச் சர்க்கரை சரிந்து நாய் தள்ளாடும், விழும், வலிப்பு காணும். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 கிராமே இதற்குப் போதும், 0.5 கிராமை எட்டினால் கல்லீரலும் கெடலாம். விருந்தினரின் கைப்பையை நாய்க்கு எட்டாத உயரத்தில் மாட்டிவைக்கச் சொல்வது மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். ஆனால் சூயிங்கமும் மாத்திரை அட்டைகளும் இருப்பது பெரும்பாலும் அந்தப் பையில்தான்.

பிரியாணியைப் பொறுத்தவரை கறித்துண்டைவிட அதனோடு வந்த மசாலாவுக்குத்தான் அஞ்ச வேண்டும். வெங்காயத்திலும் பூண்டிலுமுள்ள கந்தகச் சேர்மங்கள் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. வதக்கினாலும் பொடித்தாலும் அந்த இயல்பு மாறுவதில்லை. நாயைவிடப் பூனைக்கு இது பல மடங்கு கேடு. ஈறு வெளுத்தல், மூச்சிரைப்பு, சிறுநீர் பழுப்பாதல் ஆகிய அறிகுறிகள் மூன்று நாள் முதல் ஐந்து நாள் கழித்தே தோன்றுவதால், அதை விருந்தோடு தொடர்புபடுத்திப் பார்ப்பவர் அரிது. வெந்த எலும்பு பச்சை எலும்பைப்போல் மசியாமல் கூர்ந்த சில்லுகளாக உடையும் என்பதும், எண்ணெய் மிதக்கும் இறைச்சியை ஒரே மூச்சில் தின்ற நாய்க்குக் கணைய அழற்சி வரலாம் என்பதும் பலரும் அறிந்தவை. குமரி மாவட்டத்து அச்சு முறுக்கும் தூத்துக்குடி மக்ரூனும் இந்தக் கூட்டத்தில் சேரா. மக்ரூனில் இருப்பவை முந்திரியும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும்தான். நாய்க்கு ஏதேனும் கொடுத்தே தீர வேண்டும் என்ற ஆசையுள்ளோர், உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்து எலும்பு நீக்கிய கோழிக்கறியைத் தனியே எடுத்துவைத்துத் தீர்த்துக்கொள்ளலாம். தெருநாய்களுக்கும் இது பொருந்தும். மீந்துபோன கேக்கைத் தெருவில் போடும் கொடைக்குணம் அவற்றுக்கு எந்த நன்மையும் செய்வதில்லை. அந்த நாய்களைத் தூக்கிக்கொண்டு ஓட வீடொன்றும் இல்லை.

குடிலும் ஜிகினாவும்

கிறிஸ்துமஸ் மரத்தின் கிளைகளில் தொங்கும் ஜிகினாச் சரமும் பரிசுப் பொட்டலங்களைக் கட்டிய நாடாவும் பூனைக்கு விளையாட்டுப் பொருள்கள். மருத்துவருக்கோ கவலை தருபவை. பூனையின் நாக்கில் உள்ள சொரசொரப்பான முட்கள் யாவும் தொண்டையை நோக்கி வளைந்திருப்பதால், வாயில் சிக்கிய நூலைத் துப்ப அதனால் முடிவதில்லை, விழுங்கத்தான் முடியும். விழுங்கிய நூலின் ஒரு நுனி நாக்கின் அடியிலோ இரைப்பையின் வாயிலிலோ மாட்டிக்கொள்ள, மறுநுனியைக் குடல் தன் இயல்பான அசைவால் முன்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. நூல் நகராதபோது குடலே நூலின் மீது ஏறி, பாவாடை நாடாவில் துணி சுருங்குவதுபோல் மடிப்பு மடிப்பாகச் சுருங்குகிறது. இழுபட்ட நூல் குடற்சுவரை அறுத்துத் துளையிடுகிறது. பூனையின் வாயிலோ ஆசனவாயிலோ நூல் நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டால் அதைப் பிடித்து இழுக்கக் கூடாது என்பதன் காரணம் இதுவே. தரைக்கு நெருங்கிய கிளைகளில் எதையும் கட்டாமல் விடுவதும், பொட்டலம் பிரித்த கையோடு நாடாக்களைப் பொறுக்கிக் குப்பையில் போடுவதும் சிறு வேலைகள். அறுவை சிகிச்சையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியவை.

சீரியல் லைட்டின் ஒயரைப் பல் முளைக்கும் குட்டிகள் கடிப்பது வழக்கம். மின்சாரம் தாக்கிய குட்டி எழுந்து நடக்கலாம், பாலும் குடிக்கலாம். ஆயினும் அதன் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது சில மணி நேரம் கழித்து, சிலவேளை மறுநாள் நடப்பதுண்டு. ஆகவே சுவிட்சை அணைத்துக் குட்டியை விடுவித்தபின், அது நன்றாகத் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். குடிலிலும் நட்சத்திரங்களிலும் வைக்கும் சிறு விளக்குகளின் பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் அரை மணிக்குள்ளேயே திசுக்களை அரிக்கத் தொடங்கும். அங்கே வாந்தியெடுக்க வைப்பது இரண்டாவது காயத்தை உண்டாக்கும்.

அலங்காரப் பூக்களில் லில்லியைத் தனியே குறிப்பிட வேண்டும். பூங்கொத்துகளில் இடம்பெறும் உண்மையான லில்லி இனங்கள், நாய்க்குப் பெரும் கேடு செய்யாவிட்டாலும், பூனைக்கு முழுமையாக நஞ்சு. இலையைக் கடித்தாலும், உடல் ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும், பூச்சாடித் தண்ணீரைக் குடித்தாலும் மூன்று நாளுக்குள் சிறுநீரகம் செயலிழக்கலாம். 18 மணி நேரத்துக்குள் தொடங்கிய சிகிச்சை பெரும்பாலும் பலிக்கிறது; அதைத் தாண்டியபின் மீட்பு அரிது. பூனை வளர்க்கும் வீட்டுக்குப் பூங்கொத்து கொண்டுவருவோர் ரோஜாவோ ஜெர்பராவோ வாங்குவது நல்லது. மாறாக, சிவந்த இலைகளால் கிறிஸ்துமஸ் செடியென்று பெயர்பெற்ற பாயின்செட்டியாவுக்கு வந்த கெட்ட பெயர் தகுதியற்றது. 1919இல் ஹவாய்த் தீவில் ஒரு குழந்தை இதன் இலையைத் தின்று இறந்ததாகக் கிளம்பிய, பின்னர் ஆதாரமற்றதென்று அறியப்பட்ட ஒரு செய்தியே இந்த அச்சத்தின் வேர்; செடியின் பால் வாயை எரிச்சலூட்டும், வயிற்றைக் கொஞ்சம் புரட்டும், அவ்வளவே.

கூண்டுப் பறவைகளுக்கு ஆபத்து காற்றின் வழியாக வருகிறது. பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருப்பதால் அது காற்றிலுள்ளதை நம்மைவிட மிகுதியாக உறிஞ்சுகிறது. விருந்து நாளில் அடுப்பில் மறந்துபோன நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மிஞ்சிச் சூடேறி வெளிவிடும் புகை, பக்கத்து அறையிலுள்ள லவ்பேர்ட்ஸ்களைச் சில நிமிடங்களில் கொன்றுவிடக்கூடும். வாசனை மெழுகுவத்தியும் சாம்பிராணியும் அந்த அறைக்கு வெளியே இருக்கட்டும். பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருப்பதே 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், அதன் நலம் பற்றி இங்கு எழுத ஒன்றுமில்லை.

வெடியின் இரவுகள்

மேலைநாடுகள் பலவற்றில் பட்டாசின் தொல்லை புத்தாண்டு நள்ளிரவில் உச்சம் பெறுகிறது. தமிழகத்தில், குறிப்பாகக் கன்னியாகுமரி, தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில், கிறிஸ்துமஸ் இரவும் வெடி முழங்கும் இரவே. ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து மக்கள் வெளிவரும் வேளையில் தொடங்கும் சத்தம் விடியும்வரை விட்டுவிட்டுத் தொடரும். மனிதக் காது நொடிக்கு 20,000 அதிர்வுகள்வரை கேட்கும். நாய் சுமார் 45,000 வரையிலும், பூனை சுமார் 64,000 வரையிலும் கேட்கும். எனினும் அச்சத்தின் காரணம் காதின் கூர்மை மட்டுமன்று. இடி வருமுன் காற்றும் ஈரமும் மாறுகின்றன. வெடிக்கு அப்படி முன்னறிவிப்பு எதுவும் இல்லை, அது எப்போது நிற்கும் என்பதும் தெரிவதில்லை. எச்சில் வடித்தல், ஓயாத கொட்டாவி, மூச்சிரைப்பு, கட்டிலடியில் பதுங்குதல், கதவைப் பிறாண்டுதல் எனப் படிப்படியாக ஏறும் அச்சம், கடைசியில் திறந்திருக்கும் ஏதோ ஒரு கதவின் வழியே ஓட்டமாக முடிகிறது. பண்டிகை நாள்களில் நாய் காணவில்லை என்ற செய்திகள் பெருகுவது இப்படித்தான்.

இந்த வகையில் தமிழகத்து வீடுகளுக்கு ஓர் அனுகூலம் உண்டு. கிறிஸ்துமஸுக்குச் சில வாரங்களுக்கு முன்னரே தீபாவளி வந்துபோயிருக்கும்; அன்று நாய் எப்படி நடந்துகொண்டது என்பதே டிசம்பரில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு நம்பத்தக்க முன்னறிவிப்பு. தீபாவளியன்று நடுங்கிய நாய் கிறிஸ்துமஸில் பழகிவிடும் என்று எதிர்பார்ப்பது பிழை. இவ்வகை அச்சம் ஆண்டுக்காண்டு கூடுவதே பெரும்பான்மை. வெடிச்சத்தத்தின் பதிவை மிக மெல்லிய ஒலியில் ஓடவிட்டு, அவ்வேளையில் பிடித்த தின்பண்டம் கொடுத்து, நாள்கள் செல்லச் செல்ல ஒலியைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பழக்கும் முறை பயன் தருவதுதான். ஆனால் அதற்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும், பண்டிகை வாரத்தில் தொடங்கினால் பயனில்லை. அப்போது செய்யத்தக்கது அடைக்கலம் அமைத்தல்: ஜன்னல் இல்லாத, அல்லது ஜன்னலைத் திரையிட்டு மூடிய ஓர் உள்ளறை, பழகிய போர்வை, தண்ணீர், ஓடும் மின்விசிறியும் தொலைக்காட்சியும். பொழுது சாயுமுன் நாயை வெளியே நடத்திவிட்டு, உணவையும் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும்.

அஞ்சும் நாயைத் தடவிக்கொடுத்தால் அச்சம் வளரும், கண்டுகொள்ளாமல் விடுவதே முறை என்று நாய் வளர்ப்போரிடையே நெடுநாளாக ஓர் அறிவுரை உலவுகிறது. நடத்தையியல் வல்லுநர்கள் இன்று இதை ஏற்பதில்லை. அச்சம் ஓர் உணர்வேயன்றிப் பரிசுக்காகச் செய்யும் செயலன்று, ஆகவே ஆறுதல் அதை வலுப்படுத்துவதில்லை. நாய் மடியைத் தேடி வந்தால் இடம் கொடுக்கலாம்; ஒதுங்கிக் கிடக்க விரும்பினால் இழுத்துவராமல் விடலாம். மருந்தைப் பொறுத்தும் ஒரு பழைய வழக்கம் திருத்தம் பெற்றுள்ளது. அசிப்ரோமசின் என்ற மயக்கமருந்தைத் தனியே கொடுத்தால் நாய் அடங்கிக் கிடப்பதுபோல் தோன்றும்; உண்மையில் அதன் தசைகள்தான் தளர்கின்றன, அச்சம் உள்ளே அப்படியே இருக்க, ஓடி ஒளியும் ஆற்றல் மட்டும் பறிபோகிறது. பதற்றத்தையே தணிக்கும் வேறு மருந்துகள் இப்போது உள்ளன. அவற்றை வெடி தொடங்குமுன் கொடுக்க வேண்டியிருப்பதால், மருத்துவரைப் பார்க்க வேண்டியது 24ஆம் தேதி மாலையில் அல்லாமல் அதற்கு ஒரு வாரம் முன்னரே.

ஓடிப்போன நாய் திரும்பி வருவதற்குக் கழுத்துப்பட்டையில் எழுதிய கைபேசி எண்ணைப்போல் உதவுவது வேறில்லை. தோலுக்கடியில் பொருத்தும் மைக்ரோசிப், அரிசிமணியை ஒத்த அளவுள்ள ஓர் அடையாளச் சில்லு. அது படிப்பானைக் காட்டினால் எண்ணைச் சொல்லுமேயன்றி நாய் இருக்கும் இடத்தைச் சொல்லாது. இங்கிலாந்தில் இதனை நாய்களுக்கு 2016 ஏப்ரலிலும் பூனைகளுக்கு 2024 ஜூனிலும் சட்டம் கட்டாயமாக்கியது. இந்தியத் தெருவில் நாயைக் கண்டெடுப்பவரிடம் படிப்பான் இருக்க வாய்ப்பில்லை என்பதால், இங்கே சில்லோடு பட்டையும் வேண்டும்.

ஊருக்குப் புறப்படும் குடும்பங்கள் நாயை உடன் அழைத்துச் செல்ல நினைத்தால், ரயிலில் முதல் வகுப்பு ஏசியில் கூப்பே அல்லது கேபின் முழுவதையும் தங்கள் பெயரில் பெற்றாக வேண்டும். இல்லையேல் நாய் கார்டு பெட்டியிலுள்ள கூண்டில் தனியே பயணம் செய்ய வேண்டியிருக்கும். வெடிக்கும் கூட்டத்துக்கும் நடுவே அந்தக் கூண்டுப் பயணம் எந்த நாய்க்கும் உகந்ததன்று. பூனையோ ஆளைவிட இடத்தோடு ஒட்டியது. அதை வீட்டிலேயே விட்டு, நாள்தோறும் வந்து பார்க்க ஒருவரை ஏற்பாடு செய்வது பெரும்பாலும் மேல்.

செய்யக்கூடாத முதலுதவி

நஞ்சைத் தின்ற நாய்க்கு உப்புக் கரைசலைப் புகட்டி வாந்தியெடுக்க வைப்பது தமிழகத்தில் இன்னும் நடக்கும் வைத்தியம். வாந்தி வராதபோது அந்த உப்பு முழுவதும் இரத்தத்தில் கலந்து மூளையைத் தாக்கி வலிப்பை உண்டாக்கும். தின்ற சாக்லேட்டால் பிழைத்திருக்கக்கூடிய நாய் உப்பால் இறக்கலாம். பால், விளக்கெண்ணெய் முதலியவையும் நஞ்சை முறிப்பதில்லை. காய்ச்சல் கண்ட பூனைக்குப் பாரசிட்டமால் கொடுப்பது இன்னும் கொடிது: அம்மருந்தைச் சிதைத்து வெளியேற்றத் தேவையான நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு என்பதால், 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே அதன் உயிரை வாங்கப் போதும். வீட்டார் செய்யத்தக்கது, தின்றது என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு, உறையையும் எடுத்துக்கொண்டு, பிராணியின் எடையைத் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டுக் கிளம்புவது. அதற்கு எந்த மருத்துவமனை விடுமுறையிலும் திறந்திருக்கும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைப் பலரும் அறிவர். மற்ற ஊர்களில் தனியார் மருத்துவர்களின் விடுமுறை நாள்களை டிசம்பர் நடுவிலேயே விசாரித்துக் கைபேசியில் பதிந்துவைப்பது நல்லது.

பரிசாக வரும் குட்டி

நாய் என்பது ஆயுள் முழுமைக்குமானது, கிறிஸ்துமஸுக்கு மட்டுமானதன்று என்ற பொருள்படும் முழக்கத்தை 1978இல் பிரிட்டனின் தேசிய நாய்ப் பாதுகாப்புச் சங்கத்துக்காக உருவாக்கியவர் கிளாரிசா பால்ட்வின். பின்னாளில் ‘டாக்ஸ் டிரஸ்ட்’ என்று பெயர் மாறிய அந்த அமைப்புக்கே அவர் தலைமை ஏற்றார். பரிசாகக் கட்டிக் கொடுத்த குட்டிகள் விடுமுறை தீர்ந்ததும் கைவிடப்பட்ட அவலமே அந்த முழக்கத்தைத் தோற்றுவித்தது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளும் 2018ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளும் எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று தடுக்கின்றன. இருந்தும் கண்கூடத் தெளியாத குட்டிகள் சந்தைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. தாயைப் பிரிந்து, தடுப்பூசி முறை முடியாமல், பல ஊர்க் குட்டிகளோடு ஒரே கூண்டில் கிடந்த குட்டிக்குப் பார்வோ வைரஸ் தொற்றுவது எளிது. இந்த வைரஸ் உட்புகுந்து மூன்று முதல் ஏழு நாளில் நோயைக் காட்டும் என்பதால், கிறிஸ்துமஸ் காலையில் துள்ளி விளையாடிய குட்டி புத்தாண்டுக்குள் இரத்தக்கழிச்சலோடு படுத்துவிடுவதைக் கால்நடை மருத்துவர்கள் நன்கு அறிவர்.

நோய் அண்டாவிட்டாலும் பண்டிகை வாரம் குட்டியை வரவேற்கத் தக்க காலமன்று. வெடிச்சத்தம், முகம் தெரியாத விருந்தினர், கைமாறிக் கைமாறித் தூக்கும் குழந்தைகள், நேரம் தவறிய உணவு ஆகியவை, வாழ்நாள் அச்சங்கள் உருவாகும் மூன்றாவது வாரம் முதல் பதினான்காவது வாரம்வரையிலான பருவத்தில் அதன் மேல் விழுகின்றன. பிரிட்டனில் சில காப்பகங்கள் கிறிஸ்துமஸ் நாள்களில் தத்துக் கொடுப்பதையே நிறுத்திவைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். குழந்தைக்கு நாய் வேண்டும் என்று வீடே கூடி முடிவெடுத்திருந்தால், மரத்தடியில் வைக்கும் பொட்டலத்தில் கழுத்துப்பட்டையும் உணவுத் தட்டும் இருக்கட்டும். குட்டியைப் பொங்கல் விடுமுறையும் முடிந்து, பள்ளி திறந்து, வீடு தன் வழக்கமான நேரங்களுக்குத் திரும்பியபின் கொண்டுவரலாம். விற்பவரிடம் தாய் நாயைக் காட்டச் சொல்ல வேண்டும்; காட்ட மறுத்தால் வாங்காமல் திரும்பிவிட வேண்டும். தடுப்பூசி அட்டையில் மருத்துவரின் கையொப்பமும் தேதியும் இருக்கின்றனவா என்று பார்த்து, கொண்டுவந்த முதல் இரண்டு நாளுக்குள் வேறொரு மருத்துவரிடம் குட்டியைக் காட்டி, அடுத்த ஊசிக்கான தேதியை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பதினாறு வாரம் நிறையும்வரை அந்த ஊசிகள் மூன்று நான்கு வார இடைவெளியில் தொடரும்.